ஆற்றோடு போகும் பஸ், ஆற்றைத் தாண்டும் பஸ்

சோழநாடு சுற்றிப் பார்க்க வருகிற நண்பர்களுக்கு,

மயிலாடுதுறைக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தள்ளி, காவிரியின் தென்கரையில் இருக்கிற குத்தாலத்திலிருந்து இந்த மடலை எழுதுகிறேன். அருவி இருக்கிற தென்காசிக் குற்றாலம் வேறு. டிக்கெட் எடுக்கும்போது பெயர் மாறி அங்கே போய் இறங்கிவிட்டால், இங்கே வந்து சேர இன்னொரு நெடும்பயணம் வேண்டும். எங்கள் ஊரில் இருப்பவை ஆறும் வாய்க்காலும், செம்பியன் மாதேவி கற்றளியாக எடுப்பித்த உக்தவேதீஸ்வரர் கோயிலும், கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே பஸ் ஓய்ந்திருக்காத ஒரு சாலையும்.

அந்தச் சாலையில் சனி, ஞாயிறுகளில் உங்களைப் பார்க்கிறோம். வாடகை வேனிலும் காரிலும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போகிறீர்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 2022-இலும் 2023-இலும் திரைக்கு வந்த பிறகு உங்களில் இளைஞர்கள் நிறையத் தென்படுகிறார்கள். சோழர் கோயில்களைத் தேடி இத்தனை பேர் வருவதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் 1987-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய தஞ்சைப் பெரிய கோயிலையும், 2004-இல் அதோடு சேர்ந்த தாராசுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் ஒரே பகலில் முடித்துவிட்டு ராத்திரியே ஊர் திரும்பிவிடுகிறீர்கள். அந்தக் கோயில்களுக்குச் சோறு போட்ட வயலும், வயலுக்கு நீர் கொடுத்த ஆறும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன. என் வேண்டுகோள் ஒன்றுதான்: அடுத்த முறை பஸ்ஸில் வாருங்கள்.

காசு மிச்சமாகும் என்பதற்காகச் சொல்லவில்லை. மிச்சமாகும், அது உண்மைதான். 2018 ஜனவரியில் நிர்ணயித்த கட்டணப்படி சாதாரணப் புறநகர் பஸ்ஸில் கிலோமீட்டருக்கு 58 காசு. நான் சொல்ல வருவது வேறு. இந்த நாடு எப்படி அமைந்திருக்கிறது என்பதை பஸ்ஸில் சுற்றினால்தான் தெரிந்துகொள்ள முடியும். காரில் எந்த வழியும் ஒரே மாதிரிதான், எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம். பஸ்ஸுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. அது ஆறு விட்ட வழியில்தான் போகும்.

கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிகின்றன. பிறகு குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், மண்ணியாறு என்று விரித்த கைவிரல்களைப்போலக் கிளை பிரிந்துகொண்டே போகின்றன. வடக்கே தனியாகக் கொள்ளிடம். எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே, கடலைப் பார்த்து ஓடுகிறவை. ஊர்கள் கரையோரம் எழுந்தன, சாலைகள் கரையை ஒட்டிப் பிறந்தன, பஸ்களும் அவற்றிலேயே ஓடுகின்றன. ஆகவே கிழக்கு மேற்காகப் போவது இங்கே மிகச் சுலபம். குத்தாலம் கடைத்தெருவில் நின்று கும்பகோணம் போகவேண்டும் என்றாலும் மயிலாடுதுறை போகவேண்டும் என்றாலும் பகலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஒன்று போனால் இன்னொன்று வரும்.

வடக்கு தெற்காகப் போவதுதான் வேறு கதை. ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு பாலம் வேண்டும். பாலம் இருக்கிற இடத்தில்தான் பஸ் தாண்டும். கைபேசி வரைபடத்தில் அடுத்த ஊராகத் தெரிவது, பஸ்ஸில் போனால் அரைநாள் சுற்றாகிவிடும். ‘பொன்னியின் செல்வன்’ கதையில் வீராணம் ஏரிக்கரையிலிருந்து தெற்கே வந்த வந்தியத்தேவனும் கொள்ளிடத்தை ஓடத்தில்தானே கடந்தான்? ஆற்றோடு போகிற பஸ்ஸுக்கு நேரம் தெரியவேண்டாம், ஆற்றைத் தாண்டுகிற பஸ்ஸுக்கு நேரம் தெரியாமல் கிளம்பவேண்டாம். டெல்டாவில் பஸ்ஸில் சுற்றுகிறவர் மனத்தில் வைக்கவேண்டியது இதுதான்.

ஆற்றோடு போகிற வழித்தடங்களில் கூட்டமும் வருமானமும் என்றைக்கும் உண்டு. அதனால் ஒரு காலத்தில் அவற்றுக்காகப் பெரிய போட்டியும் இருந்தது. கும்பகோணத்து ராமன் அண்டு ராமன் நிறுவனத்துக்கும், பொறையாற்றிலிருந்து சத்தி விலாஸ் பஸ் நடத்திய வீரப்பா பிள்ளைக்கும் பர்மிட் தகராறு முற்றி உச்ச நீதிமன்றம் வரை போய், 1952-இல் தீர்ப்பு வந்தது. போக்குவரத்து அதிகாரிகள் எடுக்கவேண்டிய முடிவை ரிட் மனு வழியாக நீதிமன்றம் தானே எடுத்துக்கொள்ள முடியாது என்று சொன்ன அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் வழக்குரைஞர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். எங்கள் பக்கத்து பஸ் தகராறு ஒன்று இந்திய நாட்டின் சட்டப் புத்தகத்தில் இடம்பிடித்திருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பிறகு 1972-இல் அரசு பஸ்களைத் தன் கையில் எடுத்தது. கும்பகோணத்தைத் தலைமையிடமாக வைத்துச் சோழன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 1997-இல் மன்னர், தலைவர் பெயர்களையெல்லாம் நீக்கி எல்லாவற்றையும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தார்கள். பெயர் போனதில் எனக்கு வருத்தமில்லை. அரசு கையில் இருப்பதால்தான் வருமானம் குறைந்த ஊருக்குள்ளும் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று வண்டி வந்துபோகிறது. அந்த வண்டிகளில் ஏறித்தான் இங்கே பிள்ளைகள் படித்து ஆளானார்கள்.

முதலில் ஆற்றோடு போகிற வழியில் வாருங்கள். கும்பகோணத்தில் ரயிலடிக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடக்கிற தூரம்தான். மயிலாடுதுறை போகிற பஸ்ஸில், காலைக் கூட்டம் கலைந்த பிறகு ஏறிச் சன்னலோரம் உட்காருங்கள். இந்த வழியில் எல்லா பஸ்ஸும் எல்லா ஊரிலும் நிற்காது; இடைநில்லா வண்டியும் உண்டு. படியில் கால் வைக்கும் முன் “நரசிங்கன்பேட்டை நிக்குமாண்ணே?” என்று கண்டக்டரைக் கேட்டுவிடுங்கள். ஒரே டிக்கெட்டில் இறங்கி இறங்கி ஏற முடியாது. ஒவ்வோர் ஊருக்கும் தனி டிக்கெட் எடுக்கவேண்டும். அதனால் பத்து ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும்.

முதலில் திருபுவனம். மூன்றாம் குலோத்துங்கன் எடுப்பித்த கம்பகரேசுவரர் கோயில் அங்கேதான் இருக்கிறது. தாராசுரத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதிகூட இதற்கு வருவதில்லை. வேலைப்பாட்டில் இது எதற்கும் குறைந்ததில்லை என்பது என் எண்ணம். கோயிலைச் சுற்றிய தெருக்களில் பட்டுத் தறி ஓடுகிறது. திருபுவனம் பட்டுச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்தது திருவிடைமருதூர், மகாலிங்க சுவாமி கோயில். அதன் தேரோடும் வீதிகளை நடந்தே சுற்றிவிட்டு வந்து அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.

ஆடுதுறையில் கோயில் பார்க்க இறங்குவதைவிட நெல்லுக்காக இறங்குங்கள் என்பேன். 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டு விவசாயி வாயில் ‘ஏடிடி’ என்று புழங்குகிற அத்தனை ரகத்துக்கும் பிறந்த வீடு இந்த ஊர்தான். 1965-இல் வெளிவந்த ஆடுதுறை 27 குறுவைப் பட்டத்தின் கணக்கையே மாற்றியது. சன்னலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய வரை தெரிகிற பச்சை தானாக விளைந்ததில்லை; ஒட்டுக் கட்டி, விதை பெருக்கி, வயல்வயலாகக் கொண்டுசேர்த்தவர்கள் இருந்தார்கள். பெரிய கோயிலைக் கட்டியவர்களை வியக்கிற நீங்கள் இவர்களையும் ஒரு நிமிடம் நினைக்கவேண்டும்.

நரசிங்கன்பேட்டையில் நாகசுரம் செய்கிறார்கள். ஆச்சா மரம்தான் அதற்கு. பழைய வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் இருந்து நன்றாகக் காய்ந்துபோன மரத்தைத் தேடி வாங்கி, கடைந்து, துளையிட்டு எடுக்கிறார்கள். 2022-இல் இதற்கும் புவிசார் குறியீடு வந்தது. அடுத்த நிறுத்தம் திருவாவடுதுறை, டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர். வாத்தியம் பிறந்த ஊரும் அதை உலகம் கேட்கவைத்தவர் வாழ்ந்த ஊரும் பஸ்ஸில் ஒரு டிக்கெட் தூரத்தில் இருப்பதை, காரில் போகிறவருக்கு யார் சொல்வார்கள்? திருவாவடுதுறை ஆதீன மடத்தில்தான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சாமிநாதையர் பாடம் கேட்டார். மடத்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பச் சாலைக்கு வந்தால், கொஞ்ச நேரத்தில் குத்தாலம்.

கும்பகோணத்திலிருந்து இதுவரை சுமார் 25 கி.மீ. மேலே சொன்னதையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தால் ஒரு பகல் முழுக்க ஆகும். ஆகட்டும்.

இனி ஆற்றைத் தாண்டுகிற பஸ். குத்தாலத்திலிருந்து வடக்கே காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போகிற டவுன் பஸ்ஸில் திருமணஞ்சேரிக்கு ஏறுங்கள். சுமார் 6 கி.மீ. தான். தலபுராணப்படி அம்மை பரத முனிவரின் மகளாகக் குத்தாலத்தில் வளர்ந்தாள், திருவேள்விக்குடியில் கல்யாண வேள்வி நடந்தது, எதிர்கொள்பாடியில் மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைத்தார்கள், திருமணஞ்சேரியில் தாலிகட்டு. ஒரு கல்யாணத்தின் சடங்கெல்லாம் நாலு ஊராக ஆற்றின் இருகரையிலும் பரவிக் கிடக்கிறது. பெண் வீட்டிலிருந்து மணமேடைக்குப் போகிற அந்த வழியில் இன்றைக்கு டவுன் பஸ் போகிறது.

அந்த பஸ்ஸில் உங்களோடு வருகிறவர்களை நான் விவரிக்கவேண்டும். கல்யாணம் தள்ளிப்போகிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் கல்யாணசுந்தரேசுவரர் சன்னிதிக்கு வருகிறார்கள். அர்ச்சனை செய்து கொடுத்த மாலையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்து, கல்யாணம் முடிந்ததும் அதே மாலையோடு தம்பதியாக வந்து நன்றி செலுத்துவது வழக்கம். திரும்புகிற பஸ்ஸில் கட்டைப்பையில் மாலையை வைத்து மடியில் ஏந்திக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒன்றும் பேசாமல் மகள். பின்சீட்டில், புது மஞ்சள் கயிறு மினுங்க, காய்ந்த மாலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிற ஒரு ஜோடி. இவர்களைப் படம் எடுக்காதீர்கள். பையைப் பார்த்து வழி விடுங்கள், இடம் இருந்தால் நகர்ந்து உட்காருங்கள்.

தெற்கே போவதும் இப்படித்தான், நேரம் பார்த்துப் போகவேண்டும். கம்பர் பிறந்த தேரழுந்தூர் எங்கள் வட்டத்தில்தான் இருக்கிறது. செம்பியன் மாதேவி தன் கணவர் கண்டராதித்தரின் நினைவாக எடுப்பித்த கோனேரிராஜபுரமும் எங்கள் வட்டத்தில்தான். அங்குள்ள நடராசர் செப்புத் திருமேனியின் உயரத்தைப் பார்த்தால் பேச்சு எழாது. ஆனால் கோனேரிராஜபுரம் போக, கும்பகோணம் காரைக்கால் சாலையைப் பிடித்து எஸ். புதூர்ப் பக்கம் போய்த்தான் உள்ளே திரும்பவேண்டும். ஒரே வட்டத்துக்குள் இருக்கிற ஊருக்கு இன்னோர் ஆற்றங்கரைச் சாலை வழியாகச் சுற்றுவானேன் என்று கேட்டால், நடுவில் இருக்கிற ஆறுகளைத்தான் கேட்கவேண்டும்.

பெரிய ஊர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மயிலாடுதுறையில் ரயில் சந்திப்பும் பேருந்து நிலையமும் தள்ளித் தள்ளி இருக்கின்றன, மூட்டையோடு நடக்க முடியாது. தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையம் பெரிய கோயிலுக்குக் கிட்டே. புதியது ஊருக்கு வெளியே. எதற்குப் போகிற வண்டி என்று கேட்டு ஏறுங்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழி. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையின் மேல்தான் தலைமுறை தலைமுறையாக எங்கள் மக்கள் கொள்ளிடத்தைத் தாண்டினார்கள். கடல் பார்க்கவேண்டுமானால் மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடி. அங்கே ஒரு காலத்தில் ரயிலும் போனது. 1926-இல் வந்த அந்தப் பாதையை 1986-இல் நிறுத்திவிட்டார்கள். டேனியர் கோட்டையைப் பார்க்க வருகிறவருக்கும் அங்கிருந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் இன்று பஸ்தான் கதி.

நவக்கிரகத் தலங்களை ஒரே நாளில் பார்க்கவேண்டும் என்கிறவர்களுக்கு, 2024 பிப்ரவரியில் கும்பகோணத்திலிருந்து சனி, ஞாயிறு தோறும் தனி பஸ் தொடங்கினார்கள். தொடங்கியபோது கட்டணம் 750 ரூபாய். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என ஒன்பதும். அப்பா, அம்மாவை அழைத்து வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி. கால் நன்றாக இருக்கிறவர்கள் அதில் இடம் பிடிக்காமல் அவர்களுக்கு விட்டுவிட்டு, ஆடுதுறையில் இறங்கி ஆற்றைத் தாண்டுகிற பஸ்ஸில் சூரியனார்கோயிலையும் கஞ்சனூரையும் மட்டும் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்.

பஸ்ஸில் ஏறிய பிறகு நடந்துகொள்வது பற்றியும் சொல்லவேண்டும். காலை எட்டு முதல் ஒன்பதரை வரை, மாலை நாலு முதல் ஐந்தரை வரை வண்டி பள்ளிப் பிள்ளைகளுடையது. உங்கள் பெரிய முதுகுப்பையோடு அந்த நேரத்தில் ஏறினால் நாலு பிள்ளைகள் படியில் தொங்கவேண்டி வரும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எந்த ஊர்ப் பெண் என்று கேட்பதும் இல்லை. உங்கள் குழுவில் இருக்கிற பெண்களுக்கும் அது உண்டு. நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள், பூக்கூடை எடுத்து வருகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற பாட்டிகள் என்று அந்த பஸ்களில் இப்போது பெண்கள்தான் அதிகம். நாள் கூலியில் பஸ் செலவு மிச்சமாவது அவர்கள் வீட்டில் எத்தனை பெரிய விஷயம் என்பது பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் தெரியும். பேசுவார்கள். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், சாப்பிட்டாயா என்று அவர்களே தொடங்குவார்கள். கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அறுவடைக் காலத்தில் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும். வண்டி ஒதுங்கி மெதுவாகப் போகும். அதற்கு முகம் சுளிக்காதீர்கள். ஈரப்பதம் கொஞ்சம் கூடினாலும் கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பிவிடுவார்கள். களம் இல்லாதவனுக்குச் சாலைதான் களம்.

இன்னொரு காரியத்தில் உங்கள் உதவி வேண்டும். ஆற்றைத் தாண்டுகிற பஸ்களின் நேரம் பல நிறுத்தங்களில் எழுதியிருக்காது. உள்ளூர்க்காரனுக்கு மனப்பாடம், வெளியூர்க்காரனுக்கு வழியே இல்லை. அதனால்தான் நீங்கள் கார் எடுக்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. இறங்கும்போதே கண்டக்டரிடம் திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடையிலும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் எழுதி வையுங்கள். கோயில் சிற்பத்தை அத்தனை அக்கறையாகப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிற நீங்கள் இந்த நேரத்தையும் ஊர்ப்பெயரோடு சேர்த்து அனுப்புங்கள். ஆள் ஏறுகிற வண்டிக்குத்தான் இன்னொரு நடை கேட்க எங்களுக்கு வாய் வரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலியாகத் திரும்புகிற திருமணஞ்சேரி வண்டியில் நீங்கள் பத்துப் பேர் ஏறினால், அது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பாட்டிகளுக்கும் நீங்கள் செய்கிற உபகாரம்.

2016 பிப்ரவரிக்குப் பிறகு அடுத்த மகாமகம் கும்பகோணத்தில் 2028-இல் வருகிறது. அன்றைக்கு எந்தக் காரும் குளத்துக்குக் கிட்டே வர முடியாது. ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போட்டு பஸ்ஸில்தான் கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அதற்கு வருவதாக இருக்கிறவர்கள் அதற்கு முன்னால் ஒரு சாதாரண வாரநாளில் வந்து இந்தச் சாலையில் ஒரு தரம் இறங்கி ஏறிப் பழகிக்கொள்ளுங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்த ஆண்டாக இருந்தால் ஆடி மாதத்தில் வாருங்கள், காவிரியில் தண்ணீர் இருக்கும். குத்தாலம் நிற்குமா என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
குத்தாலத்துக்காரன்